தட்டோடு வந்த அத்தை

கட்டுமாவடி
2 பிப்ரவரி 2025

சுடர்விழிக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதம் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து உன்னைப் பார்க்கத் திருச்சிக்கு வந்தேன். நீ வெளியே வரவில்லை. ஹோம் மேடம் வந்து, "இன்னைக்கு அவளுக்கு முடியலையாம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். முடியாதவள் மாடி ஜன்னலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அது யார்? என் கண் இன்னும் அவ்வளவு மோசமாகிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாலும் நீ வருவதில்லை. வந்தாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. மேடம்தான், "எழுதிப் பாருங்க, படிப்பா" என்று முகவரி கொடுத்தார். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தால் எனக்கு லாபம்தான்.

இங்கே அப்பா கடலுக்குப் போய் வருகிறார். நண்டு இந்த வருஷம் பரவாயில்லை. நான் ஏலத்தில் எடுத்து, மெயின்ரோட்டு மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறேன். சினை நண்டு வந்தால் கை தானாகத் தனியே எடுத்து வைக்கிறது. வீட்டில் அதற்கு ஆசைப்படுகிறவள் நீ ஒருத்திதான். சாயந்திரம் வரை வைத்திருந்துவிட்டு, காரில் வருகிறவர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடுகிறேன். கொடுத்த பிறகு அவர்கள் மேல் கோபம் வருகிறது. காசு கொடுத்து வாங்கிப் போகிறவன் மேல் எனக்கு என்ன கோபம், சொல்.

தங்கச்சி பிரகதி ஏழாவதில் முதல் ரேங்க் எடுத்திருக்கிறாள். அதை உன்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று என்னையும் சொல்லவிடாமல் வைத்திருந்தாள். இப்போது நான் சொல்லிவிட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

உன்னை வீட்டுக்கு அனுப்புவது பற்றிக் குழந்தைகள் நலக் கமிட்டியில் பேசுகிறார்களாம். ஓர் ஆபீசர் அம்மா வந்து நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். நீ வந்துவிடு. கடைசி பஸ்ஸில் வந்தால் ஒருத்தர் கண்ணிலும் படமாட்டாய். நீ திருச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாய் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். பத்தாவது முடித்து வந்துவிட்டாள் என்று சொன்னால் பேச்சு முடிந்தது. அப்புறம் நீ என் பக்கத்தில் இருப்பாய். எனக்கு வேறு என்ன வேண்டும்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அம்மா
உண்ணாமலை


திருச்சி
14 பிப்ரவரி 2025

அம்மா,

ஜன்னலில் நின்றது நான்தான். நீ போகிற வரை நின்றேன். கேட்டுக்கு வெளியே செருப்பைக் காணாமல் நீ தேடினாய். காவல்கார அண்ணன் அதை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். மேலேயிருந்து எனக்குத் தெரிந்தது. "அம்மா, சுவத்துப் பக்கம் பாரு" என்று கத்த வாய் வந்தது. கத்தவில்லை. அன்றைக்கு முழுவதும் அதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். நவம்பரில் நீயும் சிவசாமி பெரியப்பாவும் வந்தீர்கள். பெரியப்பா என் தலையைத் தடவிக்கொண்டே, "கோர்ட்டுல கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிரு தாயி. கேசு கேசுன்னு அலைஞ்சா ஒனக்குத்தான் பேரு கெடும்" என்றார். என்னைக் கூட்டிப்போன அந்தப் பொம்பளையின் ஆட்கள் மணமேல்குடியில் அவர் வீட்டுக்கே வந்து பேசியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நூலைத்தான் பார்த்தாய்.

அமிர்தவல்லி அத்தை என்று நாம் வாய் நிறையக் கூப்பிட்டோம். ஜவுளிக்கடை வேலை, லீவு முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லித்தான் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாள். அங்கே கடை இல்லை. பூட்டிய ஒரு வீடு இருந்தது. அங்கே நடந்ததை உனக்கு எழுதமாட்டேன். மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லியிருக்கிறேன், ஜட்ஜிடமும் சொல்லுவேன். எதிர்வீட்டு அக்கா ஒருவர் சந்தேகப்பட்டுக் குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098-க்குப் போன் போட்டார். போடாவிட்டால் இன்றைக்கும் நான் அங்கேதான் இருப்பேன். அந்த அக்காவுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

எனக்கு வீட்டுக்கு வரவேண்டும், அம்மா. துணியில் மீன்வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தால், வீட்டுக்கு வந்து உன்னைத்தானே திட்டுவேன். பொங்கலுக்கு என்று நீ மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போன சுடிதாரில் அந்த வாடை இருந்தது. துவைக்க மனசே வராமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துப் படுக்கைப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஹாஸ்டலில் படித்துவிட்டு வருகிற பெண்ணாக என்னால் வரமுடியாது. கடைசி பஸ்ஸில் ஒளிந்துகொண்டும் வரமாட்டேன். திருடியது நான் இல்லை.

சுடர்


கட்டுமாவடி
3 மார்ச் 2025

சுடரு,

நீ உங்கள் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய். அதிகம் பேசமாட்டாய், பேசினால் குத்துகிற இடம் பார்த்துத்தான் பேசுவாய். உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது.

பெரியப்பா முன்னால் நான் வாய் திறக்கவில்லை என்கிறாய். வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவர் எதிரே நான் உட்கார்ந்ததுகூட இல்லை. அன்றைக்குத்தான் ஹோமில் நாற்காலி போட்டார்கள் என்று உட்கார்ந்தேன். அதுவும் நுனியில்தான் உட்கார்ந்தேன். இதை நியாயம் என்று சொல்லவில்லை. இருந்தது இருந்தபடி சொல்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. பிரகதி பெரியமனுஷி ஆகிவிட்டாள். "அக்கா எப்ப வரும், அக்கா எப்ப வரும்" என்று கேட்டே என் உயிரை எடுக்கிறாள். பங்குனியில் சடங்கு வைத்திருக்கிறோம், 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சோலையப்பன் மாமா உனக்குச் செய்த சீரில் துளி குறையக்கூடாது என்று குதிக்கிறார். பஸ் ஸ்டாப்பில் உனக்கு வைத்த மாதிரியே பிளக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். உன்னுடையதைவிடப் பெரியதாம். நடுவில் பட்டுப் பாவாடையோடு பிரகதி படம். சுற்றிலும் பெரியப்பா, மாமா, அத்தை, சின்னாத்தா என்று சொந்தக்காரர் எல்லாருடைய பெயரும் ஊரும். கீழே அப்பா நம்பரும் மாமா நம்பரும். நீ இல்லாமல் பந்தலில் நான் எப்படி நிற்பேனோ தெரியவில்லை. நிற்கத்தான் வேண்டும்.

எதிர்வீட்டு மதுரைவீரன் அண்ணன் மகள் கார்த்திகாவுக்குத் தையில் சடங்கு நடந்தது. அதற்குத் தட்டோடு வந்த ஒருத்தி, ராமநாதபுரம் பக்கத்துச் சொந்தமாம், முழுப்பரீட்சை லீவில் அவளை ஒரு ஆஸ்பத்திரி வேலையில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தங்க இடம், சாப்பாடு, நர்ஸ் வேலையும் பழகிக்கொள்ளலாம் என்று அவள் அம்மாவுக்கு ஒரே பெருமை. கேட்டதும் எனக்கு அமிர்தவல்லி ஞாபகம்தான் வந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்களா என்ன? அவர்கள் சொந்தம், அவர்கள் பாடு. நான் போய் என்னத்தைச் சொல்ல.

பரீட்சைக்கு நன்றாகப் படி. வெயிலில் நிற்காதே.

அம்மா


திருச்சி
8 மார்ச் 2025

அம்மா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு மேடத்திடம் ஓடினேன். கார்த்திகா விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே 1098-க்கும் புதுக்கோட்டைக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கும் தகவல் சொல்லிவிட்டார். ஆபீசர்கள் வருவார்கள். வந்தால் கார்த்திகா அம்மா என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். "எங்க சொந்தக்காரவுகள எங்களுக்குத் தெரியாதா" என்பார். யாராவது வந்து கேட்டிருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் போகும்போது பஸ்ஸில் நான் அவளிடம் ஆசையாகக் கேட்டேன், "அத்தை, நீங்க இத்தன நாளு ஏன் எங்க வீட்டுக்கு வரல?" என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒங்க ஊரு பஸ் ஸ்டாப்புல எறங்கி ஒரு டீ குடிச்சேன். டீய முடிக்கிறதுக்குள்ள ஒங்க வம்சமே எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள். அத்தை கேலி பேசுகிறாள் என்று நானும் சிரித்தேன். பூட்டின வீட்டுக்குள் போன பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

அவளுக்கு நாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா. பிளக்ஸ் சொன்னது. வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள், முகம் இப்படி இருக்கும், மாமன் இன்னார், அத்தை இன்னார், போன் நம்பர் இது. அவ்வளவையும் நாமே ரோட்டில் எழுதிக் கட்டினோம். அப்புறம் ஒரு தட்டில் பழமும் வளையலும் வைத்துக்கொண்டு, "அய்யாக்கண்ணு அண்ணே, என்னையத் தெரியலையா?" என்று அவள் உள்ளே வந்தாள். தெரியவில்லை என்று அப்பா எப்படிச் சொல்வார்? தட்டோடு வந்தவளை நீ யார் என்று கேட்டால் சடங்கு வீட்டுக்கே அசிங்கம். நீயும் கேட்கவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை, பந்தலில் இருந்த ஒருத்தரும் கேட்கவில்லை. நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிரகதிக்குப் பிளக்ஸ் வேண்டாம். உன் காலில் விழுகிறேன்.

கார்த்திகா வீட்டில் நீ போய்ச் சொல்லு. ஜீப்பில் வருகிறவர்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீ சொன்னால் கேட்பார்கள். எனக்கு நடந்ததை யாருக்கும் சொல்லவேண்டாம். அது என்னுடையது. என் சம்மதம் இல்லாமல் அதைப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்று மேடமும் சொல்லியிருக்கிறார். அவள் நம் வீட்டுக்குள் எப்படி வந்தாள் என்பதை மட்டும் சொல். அதற்கு நான் சம்மதம் தருகிறேன். அது ஊரில் பெண்பிள்ளை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியவேண்டியது.

சுடர்


கட்டுமாவடி
13 மார்ச் 2025

சுடரு,

ஆபீசர்கள் வந்தார்கள். நீ சொன்னபடியேதான் நடந்தது. கார்த்திகா அம்மா வாசலிலேயே நின்று, "எங்க சொந்தத்துல நீங்க என்ன கண்டீங்க" என்று அவர்களோடு சண்டைக்குப் போனாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஆபீசர் அம்மா நிமிர்ந்து நம் வீட்டுப் பக்கம் பார்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்னால் முடியாது, சாமி. நான் வாயைத் திறந்தால், அப்போ ஒம்மக எங்க இருக்கா என்றுதான் முதல் கேள்வி வரும். உள்ளே வந்த கதையைச் சொன்னால் மிச்சக் கதையை அவர்களே கட்டிக்கொள்வார்கள். நீ திரும்பி வரவேண்டிய வீடு இது. அதை நானே கொளுத்திவிட்டு உன்னை எங்கே வா என்று கூப்பிடுவேன்? உன்னை ஒரு தடவை பறிகொடுத்தேன். இன்னொரு தடவை ஊர் வாய்க்குக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

பிளக்ஸ் அடித்து வந்துவிட்டது. சடங்குக்கு முந்தின நாள் சனிக்கிழமை கட்டுவதாகச் சொல்கிறார்கள். மாமாவிடம் என்ன காரணம் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.

கோபப்படாதே. எனக்கு நீ வேண்டும். ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்ற நான் யார்.

அம்மா


திருச்சி
17 மார்ச் 2025

அம்மா,

கதவைச் சாத்திக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் அந்தத் தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான். கோலம் போடுவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் உள்ளேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்பேன். ஒரு நாள் ஒரே ஒரு கதவு திறந்தது.

இதற்கு மேல் எழுத வரவில்லை. பரீட்சைக்குப் படிக்கவேண்டும்.

சுடர்


கட்டுமாவடி
27 மார்ச் 2025

என் தங்கத்துக்கு,

இதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மார்க்கெட்டில் நண்டுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துதான் படித்தேன். அதற்கப்புறம் யார் என்ன விலை கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் ஞாபகம் இல்லை.

மறுநாள் மத்தியானம் அந்த ராமநாதபுரத்துக்காரி கார்த்திகா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபீசர்கள் வந்துபோனது காதில் விழுந்ததோ என்னவோ, லீவு வரை காத்திருக்கவில்லை. வாசலில் கார்த்திகாவின் துணிப்பை இருந்தது. முதலில் 1098-க்கு நானே போன் போட்டேன். பேசியவர் நிதானமாக எல்லாம் கேட்டுக்கொண்டு, "போலீஸ் வர்ற வரைக்கும் பிள்ளைய அனுப்பாம பாத்துக்கங்க" என்றார். போனை மடியில் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு அவ்வளவு அகலமாக எனக்குப் பட்டதில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல புடவை, நல்ல பேச்சு. நான் நின்றபடியே, "நீங்க இவுகளுக்கு எந்த வழியில சொந்தம்?" என்று கேட்டேன். கார்த்திகா அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன மதினி, வீட்டுக்கு வந்தவுகள இப்படியா கேக்குறது" என்றாள்.

வந்தவள் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். மதுரைவீரன் அண்ணனுக்குச் சின்னாத்தா மகளாம். கோட்டைப்பட்டினத்து மாமன், தொண்டி அத்தை, மீமிசல் சித்தப்பா என்று கடகடவென்று ஒப்பித்தாள். கார்த்திகா சடங்குக்கு வைத்த பிளக்ஸ் இன்னும் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் படலாக நிற்கிறது. அதில் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில் சொன்னாள்.

"அதெல்லாம் சரிங்க. இந்த வீட்டுச்சாமி பேரு என்ன, சொல்லுங்க" என்றேன்.

உனக்குத் தெரியும். மதுரைவீரனோடு கூடப்பிறந்து, வயசுக்கு வருமுன்னே காய்ச்சலில் போன அக்காவைத்தான் அவர்கள் வீட்டுச்சாமியாகக் கும்பிடுகிறார்கள். பெட்டிக்குள் பாவாடை சட்டை வைத்து, வருஷா வருஷம் புதுசு மாற்றுவார்கள். அவர்கள் ரத்தத்தில் பிறந்த பச்சைக் குழந்தைக்குக்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் திருநீறு பூசுவார்கள். வீட்டுச்சாமி பெயரை யாரும் பிளக்ஸில் போடுவதில்லை.

அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "முனியய்யாதானே" என்றாள்.

கார்த்திகா கதவுக்குப் பின்னாலிருந்து, "எங்க வீட்டுச்சாமி செல்லக்கிளி அத்தை" என்றாள். அவள் அம்மா காப்பித் தம்ளரை வந்தவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "நீ யாருடி?" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் வாங்க போங்க என்று பேசியவள்.

சிக்னல் இல்லை என்று போனைக் காதில் வைத்தபடி வெளியே போனவள், முக்கில் நின்ற ஒரு பைக்கில் ஏறிப் போய்விட்டாள். போலீஸ் வந்து அவள் போன் நம்பரை வாங்கிப் போயிருக்கிறது. பிடித்தார்களா என்று கேட்காதே, விசாரிக்கிறோம் என்கிறார்கள். கார்த்திகா வீட்டில் இருக்கிறாள். அது போதும் இப்போதைக்கு.

அப்புறம் அந்த வாசலிலேயே சொன்னேன். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். நீ சொன்னபடி அவள் உள்ளே வந்த வழியை மட்டும் சொன்னேன். பிளக்ஸ், தட்டு, அண்ணே என்று கூப்பிட்டது, நாம் கேட்காமல் விட்டது. எம்மக ஹாஸ்டலில் இல்லை, ஹோமில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். ஒருத்தி, "பிள்ளைக்கு அங்க என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். "அது அவளுது. அவ சொன்னா கேட்டுக்க, சொல்லாட்டி விட்டுரு" என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பிளக்ஸ் கட்டவில்லை. சோலையப்பன் மாமா முதலில் முறைத்தார், காரணத்தைச் சொன்னதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடித்த பிளக்ஸ் கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிட்டது, படம் உள்பக்கம். "ஊர்லயே என் மூஞ்சியப் பாத்து முட்டையிடுற கோழி நம்ம கோழிதான்" என்று பிரகதி சொல்கிறாள். சடங்கன்றைக்குக் கார்த்திகா அம்மாவே வாசலில் நின்றுகொண்டு, தட்டோடு வந்த ஒருத்தரை மறித்து, "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டாள். பாவம், அவர் மெய்யாகவே சோலையப்பன் மாமாவின் மச்சினன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போனவரைப் பிடித்து வந்து சாப்பிட வைத்தோம்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். பெரியப்பா சடங்குக்கு வரவில்லை. மார்க்கெட்டில் இரண்டொருத்தர் கூடையைத் தள்ளி வைத்து உட்காருகிறார்கள். அப்பா அன்றைக்கிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் தின்கிறார், வலையை எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறார். மானம் போய்விட்டது என்று நினைக்கிறாரா, வேறு ஏதாவதா, ஒன்றும் தெரியவில்லை. கமிட்டியில் அவரும் கையெழுத்துப் போட்டால்தான் உன்னை அனுப்புவார்களாம். கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும், சுடரு. மற்றதெல்லாம் எப்படியும் போகட்டும்.

அம்மா


திருச்சி
17 ஏப்ரல் 2025

அம்மா,

பரீட்சைக்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். நேற்று நடந்ததை எழுதாமல் இருக்கமுடியாது.

அப்பா வந்திருந்தார். உன்னிடம் சொல்லாமல் வந்தேன் என்றார். கடலுக்குப் போகிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். விசிட்டர் ரூமுக்குள் நான் போனதும் எழுந்து நின்றார், அம்மா. தாலுகா ஆபீசில் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. எனக்குத் தாங்கவில்லை. "உக்காருங்கப்பா" என்றேன். உட்கார்ந்து, "பரீட்ச எப்படிம்மா எழுதியிருக்க?" என்று கேட்டார். கணக்குதான் கொஞ்சம் கஷ்டம் என்றேன். அவருக்கும் கணக்கு வராது என்றார்.

மடியில் ஒரு பை கொய்யாப்பழம் வைத்திருந்தார். டீக்கடைக் குழந்தைசாமி மாமா வாங்கிக் கொடுத்தாராம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்டு அய்யாக்கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "திருச்சிக்கு. மூத்த மக ஹோம்ல இருக்கு. அத ஏமாத்திக் கூட்டிப் போனவ மேல கேசு நடக்குது. எம்மக கோர்ட்டுல சாட்சி சொல்லப் போகுது. பாக்கப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் முன்சீட்டு வரை கேட்டிருக்கும் என்றார். அறந்தாங்கி வந்ததும் குழந்தைசாமி மாமா எழுந்தாராம். ஸ்டாண்டில் இறங்கிப் போய்ப் பழம் வாங்கிவந்து, ஜன்னல் வழியாக நீட்டி, "பிள்ளைக்கிட்ட குடு" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்க்கவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவோடு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "என்னத்தப் பேசுறது. நா பேச வேண்டியத அவ பேசிட்டா" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பெரியப்பா சொன்னத விட்டுரு. நடந்தத நடந்தபடி சொல்லு. உள்ள என்னைய விடமாட்டாகளாம். நா வெளிய ஒக்காந்திருப்பேன்" என்றார். அம்மா, இந்த ஒரு வருஷமாக எனக்குள் ஏதோ இறுக்கிக் கட்டியிருந்தது. அது அப்போதுதான் அவிழ்ந்தது. மேடம் பயந்து ஓடி வருகிற அளவுக்கு அழுதேன். அப்பா என் தலையில் கை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே இருந்தார். நானே அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கமிட்டியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீ போட்டது ஏற்கெனவே இருக்கிறது. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் சாட்சி. திரை போடுவார்களாம், அவள் என்னைப் பார்க்கமுடியாது. பயமாகத்தான் இருக்கிறது. நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று நினைத்து நேற்று ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்தேன். ஆனாலும் சொல்லிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அப்பா வெளியே இருப்பார்.

முடிந்ததும் அங்கிருந்தே அப்பாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மார்க்கெட்டுக்கு எதிரே இறங்குவோம். ரோட்டில் எல்லாரும் இருக்கிற நேரம். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு பேசாதே. எனக்கும் கொஞ்சம் வை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டாம், அம்மா. எழுதினாலும் வாங்கிப் படிக்க நான் இங்கே இருக்கமாட்டேன்.

சுடர்விழி